மூன்று ஆண்கள், ஒரு டியூபா, ஒரு வாத்து

"எங்கப்பா எஃகுக் குழாயை வளைச்சுச் செஞ்ச நாற்காலிக்குப் பின்னங்கால் கிடையாது. அதுல ஒரே நேரத்துல மூணு ஆம்பளைங்க, ஒரு டியூபா, உசிரோட ஒரு வாத்து, எல்லாம் ஏறி உக்காந்து ஒரு பாட்டை முழுசா வாசிச்சு முடிச்சாங்க. நாற்காலி ஒரு முனகல் முனகணுமே. ம்ஹூம்."

லுபோர் மிகுலா இதைச் சொல்லிவிட்டு, பீரின் நுரை மீசையில் நன்றாக ஒட்டும்வரை காத்திருந்து, புறங்கையால் துடைத்துக்கொண்டார். பிர்னோ நகரத்தில், ட்ராம் தடம் வளையும் முனையில் இருக்கும் அந்த மதுக்கடையின் அடுப்போர மேசையில் வியாழன்தோறும் இந்தக் கதை சொல்லப்பட்டுவந்தது. மேசைக்காரர்கள் அதை நம்புவதுமில்லை, மறுப்பதுமில்லை. கல்லாவின் மேல் கண்ணாடிச் சாடியில் வினிகரில் ஊறும் தொத்திறைச்சியைப் போல அது எப்போதும் அங்கே இருந்தது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். நாற்பது வருடத்தில் வாத்தின் எடை ஆறு கிலோவிலிருந்து பதினான்காகியிருந்தது. மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்ற ஹூகோ மட்டும், அளவு பிசகக் கூடாது என்ற தொழில் பயத்தில், "போன வாரம் பன்னெண்டு கிலோன்னியே, எருமை" என்பார். "நடுவுல ஒரு வாரம் தீனி போட்டேன்ல" என்பார் லுபோர்.

உண்மையில் இந்தக் கதையை மறுத்துச் சண்டைக்கு வருபவர் உலகத்தில் ஒரே ஒரு ஆள். லுபோரின் தங்கை யர்மிலா. அதே கட்டடத்தில் அவருக்கு இரண்டு மாடி மேலே குடியிருப்பவள். "உனக்கு அன்னிக்கு அம்மை போட்டிருந்துச்சு. நாப்பது டிகிரி காய்ச்சல். நீ கண்டது கனா" என்பாள். அந்த ஒரு வாக்கியம் லுபோரை உறுத்திய அளவுக்கு, ட்ராம் பணிமனையில் முப்பத்தொன்பது வருடம் கண்ணில் தெறித்த தீப்பொறிகள்கூட உறுத்தியதில்லை. அவர் ஆயிரம் கதை சொல்வார். பிர்னோவில் ஓடும் ட்ராம்களில் பாதி தன் வெல்டிங்கினால்தான் பிரியாமல் ஓடுகின்றன என்பார், ஆற்றில் பிடித்த மீனுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது என்பார். அவற்றை யாரும் நம்பாததில் அவருக்கு வருத்தமில்லை. இது ஒன்று மட்டும் நடந்தது. இதைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது அவரும், அன்று ஐந்து வயதாக இருந்த யர்மிலாவும்தான். சாவதற்குள் அவள் வாயால் "நடந்துச்சு" என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பது, எழுபத்துமூன்று வயதில் அவர் வைத்திருந்த ஒரே ஆசை. இன்னொரு பீர் என்ற ஆசையை ஆசையாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அன்றைக்குப் பக்கத்து மேசைக்கு வந்த பெண் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டி அடியைப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும், நரைத்த பின்னல், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. பரிமாறும் ராதெக் தட்டோடு நின்றுவிட்டான்.

"அம்மணி, நாற்காலி சுத்தமாத்தான் இருக்கு. மேசையைத்தான் துடைக்கல."

"மன்னிக்க வேண்டும். இருக்கையின் அடியில் செய்தவரின் முத்திரை உள்ளதா என்று தேடினேன்" என்றாள் அவள்.

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு கஞ்சி போட்டுத் தேய்த்த செக் மொழியை அந்த மதுக்கடை அதுவரை கேட்டதில்லை. லுபோர் அவளைப் பார்த்தார். உட்காரும் முன் நாற்காலியைப் புரட்டிப் பார்க்கும் ஒரு மனுஷியைத் தேடித்தான் தான் இத்தனை வருடம் வியாழக்கிழமைகளில் இங்கே வந்துகொண்டிருந்தோம் என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தோன்றியது. உடனே கதையை முதலிலிருந்து, கொஞ்சம் உரக்க, அவளுக்குக் கேட்கும்படி மறுபடி சொன்னார். மேசை வழக்கம்போல் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

"குழாயின் பருமன் என்ன, ஐயா?"

"இருவத்தஞ்சு மில்லி."

"மூன்று ஆண்களும் எவ்வாறு அமர்ந்தனர்?"

"ஒருத்தன் மடில ஒருத்தன். அடில கசாப்புக்காரன், நடுவுல வீட்டுக் காவல்காரன், மேல டியூபாக்காரன். அவன் மடில டியூபா. டியூபான்னா குட்டி யானையைச் சுருட்டி வச்ச மாதிரி பித்தளை வாத்தியம்."

"வாத்தைப் பிடித்திருந்தவர் யார்?"

லுபோர் பீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். நாற்பது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "பிடிக்கறதாவது. வாத்து தானா உக்காந்துச்சு. நல்ல குடும்பத்துல பொறந்த வாத்து."

அவள் அதை அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பெயர் நெலிதா. உருகுவேயில், மாண்டிவிடியோ நகரத்தில், மரவேலை கற்பிக்கும் பள்ளியில் ஆசிரியை. அந்தப் பள்ளியின் சாமான் அறையில் ஓர் எஃகுக் குழாய் நாற்காலி கிடக்கிறதாம். தொண்ணூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு வரி. அதைப் படிக்கத்தான் மூன்று வருடம் செக் மொழி கற்றாள். படித்தபோது அதில் 'பயப்படாமல் உட்காருங்கள்' என்று இருந்தது. அவ்வளவுதான். உடனே பயணச்சீட்டு எடுத்துவிட்டாள்.

"ஒன்பது நாட்களாக இந்த நாட்டின் அருங்காட்சியகங்களைச் சுற்றுகிறேன். வைரம்போல் பட்டை தீட்டிய சர்க்கரைக் கிண்ணங்களைப் பார்த்தேன். காற்றால் செய்தது போன்ற தேநீர்க் கண்ணாடிகளைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு நாற்காலிகளைப் பார்த்தேன். அனைத்தும் கயிற்றுக்கு அப்பால். 'தொடாதீர்கள்' என்ற சொல்லை மட்டும் நானூறு முறை வாசித்திருப்பேன். ஒன்றில்கூட உட்காரவில்லை. ஞாயிறு பிற்பகல் எனக்கு வியன்னா ரயில்."

"நாளைக்குக் காலைல வீட்டுக்கு வாங்க அம்மணி. எங்கிட்ட ஆறு இருக்கு. கயிறு கிடையாது" என்றார் லுபோர்.

ஹூகோ மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். லுபோர் அதைப் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு நடந்துபோகும்போது, பாதி வழியில்தான், ஹூகோ ஏன் மிதித்தார் என்பது உறைத்தது. அந்த ஆறு நாற்காலிகளுக்கும் இப்போது பின்னங்கால்கள் இருந்தன.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தெருக்கதவின் மணி அடித்தது. லுபோர் மேலிருந்து கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். பத்தரை ஆனது. ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால் நெலிதா கீழே கதவுக் கைப்பிடியோடு நின்றுகொண்டிருந்தாள்; பிடிப்பதும் விடுவதும், ஏதோ பழைய நண்பரின் கையைக் குலுக்குவது போல. பூட்டிக்கொண்டதோ என்று தரைத்தள வீட்டுக்காரி இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டுப் போனாள். பிறகு மாடிப்படியின் கைப்பிடிக் குழாய், பிறகு படி திரும்பும் இடத்தில் இருந்த கப்பல் ஜன்னல் போன்ற வட்டக் கண்ணாடி. லுபோர் பிறந்ததிலிருந்து அந்தக் கைப்பிடியைத் தொட்டுத்தான் படியேறுகிறார். அதில் பார்க்க ஒன்று இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர்ந்தாளே என்று அவர் பின்னால் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். உண்மையில் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டாள்.

வாசலில் ஷூவைக் கழற்றி, விருந்தாளிகளுக்கான செருப்புப் பெட்டியிலிருந்து ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவள், சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்ற ஆறையும் பார்த்தாள். மண்டியிட்டாள். பிறகு தரையில் மல்லாந்து படுத்து ஒரு நாற்காலிக்கு அடியில் தலையை நுழைத்தாள். லுபோர் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் காப்பித்தூள் போட்டுக் கொதிநீர் ஊற்றி, தூள் அடியில் தங்குவதற்காகக் காத்திருப்பதுபோலத் திரும்பி நின்றார்.

"ஐயா, இது என்ன?"

அவள் கையில் நான்காக மடித்த பீர் அட்டை இருந்தது. அதற்கடியில் இன்னொன்று, அதற்கடியில் மற்றொன்று. மூடிப்போன பீர் ஆலைகள், நிறம் மாறிப்போன சிங்கங்கள், ஆடுகள். ஒரு காலுக்கு அடியில் மட்டும் பதினோரு அட்டைகள்.

"நாற்காலி ஆடும். ஆடாம இருக்க முட்டுக் குடுத்தது. எல்லாரும் பண்றதுதான்."

"எப்போதிலிருந்து ஆடுகிறது?"

"கால் வச்சதுலேர்ந்து" என்றார் லுபோர். சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. "அதுக்கு முன்னாடி ஆடல."

நெலிதா எழுந்து, குழாயை விரல் முட்டியால் தட்டிக் கேட்டாள். நோயாளியின் முதுகைத் தட்டுவது போல. "இது மூச்சு விடவில்லை. கால்களை வைத்தவர் யார்?"

"நான்தான்."

வேறு யாராக இருந்தாலும் லுபோர் அந்த இடத்தில் ஒரு கரடியை நுழைத்திருப்பார். ஆனால் இவள் ஒரு வரி படிக்க மூன்று வருடம் செலவழித்தவள். அவர் காப்பியை வைத்துவிட்டு உள்ளதைச் சொன்னார். அறுபத்தொன்பதாம் வருடம், யர்மிலாவின் நிச்சயதார்த்த விருந்து. மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்ததுமே, "பல் டாக்டர் வீட்ல காத்துக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு" என்றாள். அப்பா சிரித்தார். அவர் முன்பு வேலை பார்த்த பட்டறை மூடப்பட்டபோது மிச்சமிருந்த குழாயை எடுத்து, ஒவ்வொரு நாற்காலியையும் ஒரே குழாயில், வெட்டில்லாமல் ஒட்டில்லாமல், முன்னங்கால்களே தரையோடு பின்னுக்கு ஓடி மொத்த எடையையும் தாங்கும்படி வளைத்தவர். "உக்காந்து பாருங்க, உக்காந்தா மனசு மாறிடும்" என்றார். அன்றைக்கு நல்ல செருப்பெல்லாம் விருந்தாளிகளின் காலுக்குப் போய்விட்டது. யர்மிலாவுக்கு மிஞ்சியது அப்பாவின் பழைய கம்பளிச் செருப்பு, இரண்டு படகுகள். மெழுகு தேய்த்த தரையில் சூப்புச் சட்டியோடு வந்தாள், உட்காரப் போனாள், அடுத்த நிமிடம் தரையில் கிடந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவின் மடியில் நூடுல்ஸ். "நாற்காலி என்னைத் தள்ளிடுச்சு" என்று அழுதாள் யர்மிலா. கல்யாணம் நின்றுவிடவில்லை. ஆனால் அம்மா அன்று மாலையே உத்தரவு போட்டாள்: அந்தப் பிசாசுகளுக்கு மனுஷத்தனமாகக் கால் வை.

"எனக்கு இருவத்திமூணு வயசு. வெல்டிங்ல என்னைவிடக் கெட்டிக்காரன் மொராவியாவுலயே இல்லைன்னு நினைப்பு. சனிக்கிழமை முற்றத்துல வச்சு ஆறுக்கும் கால் போட்டேன். அப்பா பக்கத்துல குழாயை நகராமப் புடிச்சுட்டு நின்னாரு. ஒரு வார்த்தை பேசல. கடைசில மட்டும், 'லேசா ஒட்டு. நாளைக்கு எடுக்கறவனுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாது'ன்னாரு. அதுக்கப்பறம் அவர் இந்த நாற்காலில உக்காரவே இல்ல. சாகற வரைக்கும் சமையக்கட்டு முக்காலில உக்காந்துதான் சாப்பிட்டாரு."

இதை அவர் அடுப்போர மேசையில் ஒருபோதும் சொன்னதில்லை. அவரிடம் இருந்தவற்றிலேயே கூட்டாமல் குறைக்காமல் வைத்திருந்த ஒரே சரக்கு அது.

"நாளை என்பது எப்போது, ஐயா?" என்று கேட்டாள் நெலிதா.

அந்த நேரம் பார்த்து, கதவைத் தட்டாமல், கசகசாப் பணியாரத் தட்டோடு யர்மிலா வந்தாள். வெளிநாட்டுக்காரி ஒருத்தி கதவுக் கைப்பிடியைக் கொஞ்சுகிறாள் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. பார்க்காமல் இருக்க முடியுமா. அகலமான, நிதானமான பெண்மணி. எடை அளவு பரிசோதனை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். நகரத்துத் தராசுகள் எல்லாம் அவளைக் கண்டால் நடுங்கின.

"வாத்துக் கதை ஆயிடுச்சா?" என்றாள்.

"ஆயிடுச்சு" என்றார் லுபோர். "அம்மணி நம்பறாங்க."

"அவங்க விருந்தாளி. மரியாதைக்கு நம்புவாங்க." நெலிதாவிடம் தட்டை நீட்டினாள். "எடுத்துக்கங்க. இவனுக்கு அன்னிக்கு அம்மை. ஜன்னலைத் திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. முற்றத்துல நடந்ததை மூணாவது மாடிக் கண்ணாடி வழியா, நாப்பது டிகிரி காய்ச்சல்ல பார்த்தானாம். அப்படிப் பார்த்தா நான்கூட வாத்துதான்."

"தாங்கள் அன்று எங்கிருந்தீர்கள், அம்மையே?"

"எனக்கு அஞ்சு வயசு. என்ன ஞாபகம் இருக்கும்?" யர்மிலா மேசையில் இல்லாத துணுக்கைத் துடைத்தாள்.

லுபோர் சட்டென்று சொன்னார்: "யர்கா, நாளைக்குக் கால் எல்லாத்தையும் எடுக்கப் போறேன்."

"உன் மூணை நீ என்ன வேணா பண்ணு. அம்மா போனப்போ ஆறுல மூணு என் பங்கு. அதுல கை வச்சே, அப்பறம் தெரியும்."

"நீதான் அதுல உக்காரவே மாட்டியே."

"உக்காராட்டி என்ன? என்னோடது."

அது பொய்யில்லை. ஞாயிறுதோறும் மதியம் அண்ணன் வீட்டில் சாப்பிட வரும்போது யர்மிலா தன் மரநாற்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி வருவாள்; சாப்பிட்டபின் தூக்கிக்கொண்டு ஏறிப்போவாள். ஐம்பது வருடம். அந்த நாற்காலி ஏறி இறங்கிய தூரத்தைக் கூட்டினால் உருகுவே போய்த் திரும்பியிருக்கலாம் என்பது லுபோரின் கணக்கு. அவள் பங்கு மூன்றில்தான் வாத்துக் கதையின் குழாய் நாற்காலியும் இருந்தது. மேல் குழாயில், டியூபாவின் விளிம்பு இடித்த நெளிவோடு. லுபோர் அதைத் தொட்டுக் காட்டாமல் இருக்கப் பெரிதும் பாடுபட்டார், முடியவில்லை. "இந்த நெளிவு என்ன, காய்ச்சல்ல வந்ததா?"

"ட்ராம் இடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு யர்மிலா போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை முற்றத்தில், முயல் கூண்டுகள் இருந்த இடத்தில் இப்போது நிற்கும் சைக்கிள்களை ஒதுக்கிவிட்டு, லுபோர் தன் பங்கு மூன்றையும் இறக்கினார். ஹூகோ வேடிக்கை பார்க்கத் தன் மடக்கு நாற்காலியுடன் வந்திருந்தார்.

"அம்பது வருஷ வெல்டிங். கட்டிங் மெஷின் இல்லாம வராது" என்றார் ஹூகோ.

"என் வெல்டிங்டா. பீரங்கி கொண்டுவந்தாத்தான் வரும்" என்றார் லுபோர். அவருக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. கால் வராது என்பதல்ல அந்தப் பயம். அப்பா சொன்னதாகத் தான் நினைத்துக்கொண்டிருப்பதை அப்பா உண்மையில் சொன்னாரா? யர்மிலா சொல்வதுபோல மற்றதெல்லாம் காய்ச்சல் என்றால் இதுவும் ஏன் காய்ச்சலாக இருக்கக் கூடாது? இருபத்துமூன்று வயதில், கோபத்தில், பெருமையில், தான் நன்றாக இறுக்கியே பற்றவைத்திருந்தால்?

உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. சணக்கென்று கால் கழன்று கல்தரையில் உருண்டது. சேர்ந்திருந்த இடத்தில், பருப்பு அளவுக்கு ஒரே ஒரு புள்ளி. அடுத்த முனையிலும் அப்படித்தான். நாற்காலிக்கு மூன்று தட்டு; மூன்று நாற்காலிக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இதுலயா அம்பது வருஷமா நாங்க உக்காந்துட்டிருந்தோம்?" என்றார் ஹூகோ மெதுவாக.

நெலிதா புள்ளிகளை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினாள். பிறகு ஷூ நுனியால் குழாயைத் தொட்டுப் பார்த்து, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு விரல் கீழே இறங்கி, அரை விரல் மேலே வந்து, நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். இப்படிப் பதினேழு முறை; லுபோரின் பிற்காலக் கணக்கில் அறுபது.

"மூச்சு விடுகிறது" என்றாள்.

யர்மிலா முற்றத்துக்கு வந்து நின்றதை அப்போதுதான் கவனித்தார்கள். கையில் குப்பை வாளி. குப்பை வெள்ளிக்கிழமையே போய்விட்டது. அவள் நாற்காலிகளைப் பார்க்கவில்லை; குனிந்து, கழன்று கிடந்த காலொன்றை எடுத்தாள். முனையில் இருந்த புள்ளியைக் கட்டைவிரலால் தடவினாள். தராசில் கல்லை வைத்துப் பார்க்கும்போது இருக்கும் முகம்.

"இவ்வளவுதானா ஒட்டியிருக்கு?"

"அப்பாதான் லேசா ஒட்டச் சொன்னாரு."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே."

"சொன்னா நம்பியிருப்பியா?"

யர்மிலா புள்ளியை மறுபடி தடவினாள். "எடுக்கறவனுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னாரு" என்று லுபோர் சேர்த்துச் சொன்னார். சொல்லும்போது குரலில் ஒரு கிலோகூடக் கூட்டவில்லை. அவள் அந்தக் காலை வாளிக்குள் போட்டுக்கொண்டு, படியேறிப் போனாள். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஹூகோ எழுந்து, தன் மடக்கு நாற்காலியைச் சுருட்டிக்கொண்டு, "டியூபாக்காரனைக் கூப்பிடட்டுமா?" என்றார். யாரும் சிரிக்காததால் அவரும் போய்விட்டார்.

ஞாயிறு மதியம். மாட்டிறைச்சி க்ரீம் குழம்பில் வெந்துகொண்டிருந்தது. மாவு உருண்டைகளை லுபோர் நூலால் அறுத்து அடுக்கினார். மேசையைச் சுற்றிக் காலுள்ள மூன்று, கால் போன மூன்று. நெலிதாவின் பெட்டி வாசலில் செருப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் தயாராக நின்றது. மூன்று மணிக்கு ரயில். மாடிப்படியில் யர்மிலா இறங்கும் சத்தத்துக்கு லுபோர் காது கொடுத்தார். வழக்கமாக அது இரண்டு சத்தம்: அவள் காலடி, ஒவ்வொரு திருப்பத்திலும் மரநாற்காலி சுவரில் இடிக்கும் டொக். இன்று காலடி மட்டும் கேட்டது. டொக் இல்லை.

யர்மிலா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கைகளில் நாற்காலி இல்லை. நேற்று எடுத்துப்போன இரும்புக் கால் மட்டும் இருந்தது. அதை மேசையில் முள்கரண்டிக்குப் பக்கத்தில், அதுவும் பரிமாறும் சாமான்தான் என்பதுபோல வைத்தாள்.

"உளி எங்க?"

"எதுக்கு?"

"எங்கடா உளி?"

லுபோர் எடுத்துவந்தார். நெளிவு விழுந்த அந்த நாற்காலியை யர்மிலாவே ஒருக்களித்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள், நகராமல், இரண்டு கையாலும். மூன்று தட்டு. இரண்டு கால்கள் தரை விரிப்பில் விழுந்தன. கூடவே மடித்த பீர் அட்டைகள் சிதறின. நெலிதா அரத்தோடு வந்தாள். யர்மிலா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பிறகு நாற்காலியை நிமிர்த்தி மேசைக்கு முன் வைத்தாள். நின்றபடியே குனிந்து தன் வீட்டுச் செருப்பைக் கழற்றினாள். ஒன்று, அப்புறம் இன்னொன்று. இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து, நாற்காலியிலிருந்து எட்டத் தள்ளி வைத்தாள். காலுறையோடு தரையில் அழுந்த நின்றாள்.

"அன்னிக்கு நாற்காலி தள்ளல" என்றாள், செருப்பைப் பார்த்தபடி. "அந்தப் படகுச் செருப்பு வழுக்குச்சு. அந்தப் பொம்பளை என்னையே பாத்துட்டிருந்தா. சூப்பு மடில கொட்டிடுச்சு. வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். அப்பா என்னைப் பார்த்தாரு லுபோர். அவருக்குத் தெரியும். ஒண்ணும் சொல்லல."

குழம்பு அடுப்பில் கொதித்தது. அதை அணைக்கப் போக வேண்டும் என்று லுபோருக்குத் தெரிந்தது. போகவில்லை. அவருடைய வாயில் பத்துப் பதில்கள் வந்து நின்றன, ஒவ்வொன்றும் பதினான்கு கிலோ. எல்லாவற்றையும் விழுங்கினார்.

யர்மிலா உட்கார்ந்தாள். விளிம்பில் அல்ல, பின்னால் தள்ளி, முதுகு பதிய, தன் முழு எடையோடு. நாற்காலி மெதுவாக இரண்டு விரல் இறங்கியது; நின்றது; அவளை ஒரு விரல் தூக்கிக்கொடுத்தது. அவள் இரண்டு கையும் மேசை விளிம்பைப் பிடிக்கப் போய், பிடிக்காமல், காற்றில் நின்றன. இன்னொரு முறை அவளாகவே கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். நாற்காலி மறுபடி தூக்கிக்கொடுத்தது. எழுபத்தொரு வயதுப் பெண்மணியின் வாயிலிருந்து, யாரும் எதிர்பாராமல், ஒரு சின்னச் சிரிப்பு தெறித்தது.

நெலிதா நோட்டை எடுத்து, வாத்தைப் பற்றி எழுதிய பக்கத்தைத் திறந்து, கேள்விக்குறி தெரியும்படி மேசையில் வைத்தாள்.

யர்மிலா அதைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"மூணாவது மாடிலேர்ந்து பார்த்தா டியூபா வாய்தான் தெரியும். குடை மாதிரி மறைச்சிருக்கும். அதுக்குப் பின்னாடி டியூபாக்காரன் தோள்ல யாரு உக்காந்திருந்தாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?" காற்றில் நின்ற அவள் கைகள் மெல்ல உள்ளே வந்து, மார்போடு எதையோ அணைத்துக்கொண்டன, திமிறுவதை அடக்குவதுபோல ஒரு கை மேலே, ஒரு கை கீழே. "அஞ்சு கிலோ இருக்கும். மிஞ்சிப்போனா அஞ்சரை. பாட்டு முடியற வரைக்கும் என் காதைக் கொத்திக்கிட்டே இருந்துச்சு. வாத்து எங்கயாவது தானா உக்காருமாடா? நான்தான் புடிச்சிட்டிருந்தேன்."